பிள்ளையின் தலை எத்தனை சென்டிமீட்டர்?



பிள்ளைகள் விடுமுறை நாட்களில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் வெளியே ஓடியாடி விளையாட வேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தோட்டத்துத் தாயார் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறாராம். இவர் உரம் போடும் வேலைக்குப் போகிறாராம். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"டீச்சர், எங்கள் பையனுக்கு 7 வயது. சைக்கிள் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறான். தீபாவளிக்கு வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டோம். கூடவே ஒரு ஹெல்மெட்டும் வாங்கலாம் என்று பட்டணத்துக் கடையில் பார்த்தோம். சின்ன அளவும் பெரிய அளவும் ஒரே விலைதான். பள்ளிக்கூடச் சட்டை, சப்பாத்து எல்லாம் ஓர் அளவு பெரியதாகத்தானே வாங்குகிறோம்? அதே மாதிரி இரண்டு மூன்று வருடத்துக்கு வரும்படி பெரிய ஹெல்மெட்டாக வாங்கிவிடலாமா?"

பிள்ளையின் தலையைப் பற்றி யோசித்த அந்தத் தாயாருக்கு முதலில் என் பாராட்டு. சைக்கிளுக்கு மணியும் விளக்கும் வாங்குபவர்கள் உண்டு, ஹெல்மெட் வாங்குபவர்கள் குறைவு. அவருடைய கேள்விக்கும் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், அம்மா. பெரியதாக வாங்காதீர்கள்.

சட்டையைப் பெரியதாக வாங்கினால் கையை மடித்துவிடலாம். காற்சட்டையைப் பெரியதாக வாங்கினால் அடியை மடித்துத் தைக்கலாம். சப்பாத்து பெரிதாக இருந்தால் நுனியில் பஞ்சு வைத்துச் சமாளிக்கிறோம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தச் சிக்கனம் தெரிந்திருக்கத்தான் வேண்டும். நானும் தோட்டத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். அக்காள் சட்டையைப் போட்டுத்தான் பள்ளிக்குப் போனேன். ஆனால் இந்தச் சிக்கனம் செல்லாத பொருள் ஒன்று உண்டென்றால், அது தலைக்கவசம்தான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மகனின் தலையில் போட்ட தையலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அது 2014-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வாரம். என் மகன் அப்போது முதலாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தான். துணிமணி வாங்கப் பட்டணத்துக்குப் புறப்பட்டோம். வீட்டில் இருந்தது ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள், இரண்டு ஹெல்மெட். ஒன்று என்னுடையது, மற்றது என் கணவருடையது. கணவருடைய ஹெல்மெட்டை மகனுக்கு மாட்டினேன். ஆடியது. குட்மார்னிங் துண்டு ஒன்றை மடித்து உள்ளே வைத்தேன். ஆட்டம் நின்றது போலிருந்தது. தாடைப் பட்டையையும் நானே என் கையால் மாட்டினேன். கடமையைச் சரியாகச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு புறப்பட்டேன்.

செம்மண் சடக்கு தார்ச்சாலையில் ஏறும் இடத்தில் நாய் ஒன்று குறுக்கே ஓடி வந்தது. நான் வேகமாகக்கூடப் போகவில்லை. பிரேக்கைப் பிடித்தேன், சரளைக் கல்லில் சக்கரம் வழுக்கியது, இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னால் உட்கார்ந்திருந்த மகனின் பின்மண்டை பாலத்துச் சுவரின் விளிம்பில் மோதியது. ஹெல்மெட் கால்வாயில் கிடந்தது. துண்டு சற்றுத் தள்ளிக் கிடந்தது. ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தேன். பட்டை மாட்டியபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிய பெரியவர் கேட்டார்: "டீச்சர், பையன் ஹெல்மெட் போட்டிருந்தானா?"

"போட்டிருந்தான். பட்டையும் மாட்டியிருந்தேன்."

"பின்னே எப்படித் தலையில் காயம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 7 தையல் போட்டார்கள். இரவு முழுவதும் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். தாதி அடிக்கடி வந்து எழுப்பிப் பெயரைக் கேட்பார், அவன் சொல்வான். நள்ளிரவுக்கு மேல் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னான்: "அம்மா, அது தானா கழண்டு போச்சும்மா. நான் கழட்டலம்மா." தன்னைத் திட்டுவேனோ என்று பிள்ளை பயந்திருக்கிறான். தவறு செய்தவள் நான். பயந்தது அவன்.

இன்று அவன் என்னைவிட உயரம். கடவுள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை தேடாமல் என்னால் இருக்க முடியவில்லை. அந்த விடைதான் இந்த மாதக் கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அன்று என் மகனின் தலைச் சுற்றளவு 51 சென்டிமீட்டர். என் கணவரின் ஹெல்மெட் 58 சென்டிமீட்டர் தலைக்குச் செய்தது. வித்தியாசம் 7 சென்டிமீட்டர். இதை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் ஏறக்குறைய 2.2 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். அதில் பாதி 1.1 சென்டிமீட்டர். அதாவது, தலையைச் சுற்றிலும் ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி! இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த இடைவெளியைத் துண்டு நிரப்பியது என்று நான் நினைத்தேன். துணி அமுங்கும், நழுவும். விழுந்த வேகத்தில் துண்டு ஒரு பக்கம் போக, ஹெல்மெட் முன்பக்கமாக உருண்டு கழன்றுவிட்டது. பட்டை அவிழாமலே கழன்றது.

ஹெல்மெட் எப்படித் தலையைக் காப்பாற்றுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே இருக்கும் ஓடுதான் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் வெள்ளை நுரைக்கட்டி. கடையில் சாப்பாடு கட்டித் தரும் பொலிஸ்டிரின் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த இனம்தான், ஆனால் அதைவிடக் கெட்டியானது. அடி விழும்போது அது நசுங்குகிறது. அது நசுங்கும் அந்தக் கண நேரத்தில் தலையின் வேகம் தணிகிறது.

ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரப்பரை அழுத்தினால் திரும்பத் துள்ளும். தலைக்கு அந்தத் துள்ளல் ஆகாது. அழுத்தினால் அழுந்தியபடியே இருக்க வேண்டும், அதனால்தான் இந்த நுரை. ஒரு முறை நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. ஆகையால் ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டின் வேலை அன்றோடு முடிந்தது. வெளியே கீறல்கூட இல்லாமல் பளபளப்பாக இருந்தாலும் அதை நம்பக் கூடாது.

"மெதுவாகத்தானே ஓட்டுகிறான், கூடத்துக்கு முன்னாலேதானே சுற்றுகிறான்" என்று சொல்பவர்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். சைக்கிள் நின்ற இடத்திலேயே சாய்ந்தாலும், 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். நம் வீட்டு முன்வாசல் சிமெண்டுத் தரை என்பதை மறந்துவிடாதீர்கள்.

தலைக்கவசம் பரவிய கதையிலும் இப்படி ஒரு விபத்து உண்டு. 1935-ஆம் ஆண்டு மே மாதம், 'அரேபிய லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற ஆங்கிலேயர் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்துகொண்டிருந்தார். சாலையில் இரண்டு பையன்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. இராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் தலைக்காயங்களை அவர் ஆராய்ந்தார். தலைக்கவசம் உயிரைக் காக்கும் என்று 1941-ஆம் ஆண்டில் எழுதினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவம் பணியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. நம் மலேசியாவில் 1973-ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிளுக்கு அந்தச் சட்டம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்களும் 2019-ஆம் ஆண்டு முதல் கவசம் அணிய வேண்டும்.

சட்டம் தலையில் மாட்டச் சொல்கிறது. மாட்டியது பொருந்துகிறதா என்று போலீஸ்காரர் வந்து பார்க்க மாட்டார். அது தாய் தகப்பன் வேலை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்று இனிப் பார்ப்போம்.

முதலில் அளவு எடுங்கள். தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு நூலும் பிள்ளையின் அடிக்கோலும் போதும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே நெற்றியில் தொடங்கி, பின்மண்டையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டு வாருங்கள். மூன்று முறை எடுத்து, அதில் பெரிய அளவைச் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் உள்ளே அதன் அளவு ஒட்டியிருக்கும். பிள்ளையின் அளவு அதற்குள் அடங்க வேண்டும். 'எட்டு வயதுக்கு', 'பத்து வயதுக்கு' என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் தலைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. முடிந்தால் பிள்ளையையும் கடைக்கு அழைத்துப் போங்கள்.

தரத்தையும் பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் சிரிம் முத்திரையும் எம்.எஸ். 1 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும். சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இ.என். 1078 போன்ற தர எண் இருக்கும். பசார் மாலாமில் பொம்மைப் படம் போட்டுத் தொங்கும் மலிவான தொப்பிகளில் உள்ளே நுரையே இல்லாதவையும் உண்டு. விரலை விட்டுத் தடவிப் பார்த்து வாங்குங்கள். சைக்கிள் கவசத்தை மோட்டார் சைக்கிளில் போகும்போது மாட்டாதீர்கள், அது அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

வாங்கும்போதே சைக்கிள் கவசத்தைப் பிள்ளையின் தலையில் வைத்து, கீழே சொல்லும் ஐந்தையும் பாருங்கள்.

ஒன்று: கவசம் நேராக உட்கார வேண்டும். அதன் முன்விளிம்புக்கும் புருவத்துக்கும் இடையில் பிள்ளையின் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். நம் பிள்ளைகள் நெற்றி தெரிய வேண்டும் என்று பின்னால் தள்ளிப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் முகம் குப்புற விழும்போது நெற்றிக்குப் பாதுகாப்பு ஏது?

இரண்டு: பட்டையை மாட்டாமலே, பின்னால் திருகு இருந்தால் அதை இறுக்கிவிட்டு, கவசத்தைப் பிடித்து இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். நெற்றித் தோலும் கூடவே அசைந்தால் அளவு சரி. தலை சும்மா இருக்கக் கவசம் மட்டும் சுற்றினால் அது பெரியது. தலையில் உட்காராமல் உச்சியில் தூக்கிக்கொண்டு நின்றாலோ, பிள்ளை வலிக்கிறது என்றாலோ அது சிறியது.

மூன்று: இரண்டு பக்கத்துப் பட்டைகளும் காதுக்குச் சற்றுக் கீழே கூடி, காதை நடுவில் விட்டுப் போக வேண்டும். காதின்மேல் ஏறி அழுத்தினால் பிள்ளை பாதி வழியில் கழற்றிவிடுவான்.

நான்கு: தாடைப் பட்டையை மாட்டியபின் உங்கள் விரல் ஒன்றுதான் நுழைய வேண்டும். பிறகு பல் வைத்தியரிடம் காட்டுவதுபோல் "ஆ" என்று வாயை நன்றாகத் திறக்கச் சொல்லுங்கள். கவசம் கீழே இழுப்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்.

ஐந்து: இதுதான் அன்று நான் செய்யத் தவறியது. பட்டை மாட்டியிருக்கும்போதே பிள்ளையின் பின்னால் நின்று, கவசத்தின் பின்விளிம்பில் உள்ளங்கையை வைத்து முன்பக்கமாக மேலே தள்ளுங்கள். அது உருண்டு கண்ணை மறைத்தாலோ கழன்றாலோ, அந்தக் கவசம் உங்கள் பிள்ளைக்கு ஆகாது. அன்று புறப்படும் முன் அரை நிமிடம் இதைச் செய்திருந்தால், கால்வாயில் கிடந்தது எனக்கு வீட்டு வாசலிலேயே கழன்றிருக்கும்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது சோதனைகள் பொருந்தும். கன்னத்துப் பஞ்சு உள்ளவற்றில் அது இரண்டு கன்னத்தையும் இதமாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

முடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சிக் கொண்டையும் உயரக் கட்டிய குதிரைவாலும் கவசத்தைத் தூக்கிவிடும். பெண் பிள்ளைகளுக்குக் கழுத்தோரமாகத் தாழ்வாகப் பின்னிவிடுங்கள். உள்ளே துணித்தொப்பி போடாதீர்கள். தைப்பூசத்துக்கு மொட்டையடித்த பிள்ளைக்கு மறுபடி பொருத்திப் பாருங்கள். அடர்ந்த முடிக்கு இறுக்கியது மொட்டைத் தலைக்கு ஆடும். முடி வளர்ந்தபின் இன்னொரு முறை பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சைக்கிளை விட்டு இறங்கியதும் கவசத்தைக் கழற்றிவிடப் பழக்குங்கள். கவசத்தோடு ரம்புத்தான் மரத்தில் ஏறினாலோ விளையாட்டுத் திடல் கம்பிகளுக்குள் நுழைந்தாலோ, கவசம் சிக்கிக்கொண்டு பட்டை கழுத்தை நெரித்துவிடும்.

பாதுகாத்து வைப்பது சுலபம். பெட்ரோலும் தின்னரும் அந்த நுரையை அரித்துவிடும். அவற்றால் துடைக்காதீர்கள், அண்ணன்மார் சாயம் தெளித்து அழகுபடுத்தவும் விடாதீர்கள். நாள் முழுவதும் வெயிலில் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கவிடாதீர்கள். லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.

அப்படியானால் பிள்ளை வளர வளரப் புதிதாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று அந்தத் தாயார் கேட்பார். நியாயமான கேள்விதான். இதற்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். கை கால் வளர்வதுபோல் தலை வளர்வதில்லை. ஐந்து ஆறு வயதுக்குள்ளேயே பிள்ளையின் தலைச் சுற்றளவு பெரியவர்களுடையதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. அதன்பின் மெதுவாகத்தான் கூடும். 50 முதல் 54 வரை என்பதுபோல் எழுதி, பின்னால் திருகு வைத்த சைக்கிள் கவசத்தை 51 சென்டிமீட்டர் தலைக்கு வாங்கினால், இன்றைக்கும் பொருந்தும், சில ஆண்டுகளுக்கும் வரும். இன்று பொருந்தாத பெரிய அளவை வாங்கி, பொருந்தும் நாள் வரை காத்திருப்பதில்தான் ஆபத்து. பிள்ளை விழுவதற்கு அந்த நாள் வரை காத்திருக்க மாட்டான்.

மற்றொன்றும் செய்யலாம். எங்கள் தோட்டத்தில் சில குடும்பங்கள் செய்கின்றன. ஒரு பிள்ளைக்குச் சிறியதாகிப் போன கவசத்தை அடுத்த வீட்டுச் சிறிய பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் கொடுப்பவர் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்: இது ஒருமுறையாவது அடி வாங்கியிருக்கிறதா? அடி வாங்கியது என்றால் குப்பைக்குத்தான் போக வேண்டும். பட்டணத்துப் பழைய சாமான் கடையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. பக்கத்து வீட்டில் உண்டு. உள்ளே ஒட்டியிருக்கும் தயாரிப்பு ஆண்டையும் பாருங்கள். பட்டை நைந்தும் நுரை வெடித்தும் இருக்கும் பழையதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கவசம் இருந்தும் பிள்ளை தலையில் அடிபட்டு விழுந்தால் அலட்சியம் வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலும், பேச்சு குழறினாலும், நினைவு தப்பினாலும், காதிலோ மூக்கிலோ நீர்போல் வடிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வீட்டில் எண்ணெய் தேய்த்துப் படுக்கப் போடாதீர்கள்.

என் வகுப்பறைக் கதவுக்குப் பின்னால் இப்போது ஓர் அளவு நாடா தொங்குகிறது. ஒரு நாள் பிள்ளைகளை அவரவர் ஹெல்மெட்டைக் கொண்டு வரச் சொல்லி ஐந்து சோதனைகளில் அவற்றுக்குப் பொருந்துவதைச் செய்து பார்த்தோம். சரியாகப் பொருந்தியவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பெரும்பாலானவை அப்பாவுடையவை. இரண்டின் உள்ளே மடித்த துண்டு இருந்தது. அந்தத் துண்டுகளை எடுத்தபோது நான் பிள்ளைகளைத் திட்டவில்லை. அவர்களுடைய தாய்மாரையும் குறை நினைக்கவில்லை. அதே துண்டை நானும் வைத்தவள் ஆயிற்றே!

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தலைப்பாகையோடு போக வேண்டுமானால், அடி விழுகிற நேரத்தில் தலைப்பாகை தலையில் இருக்க வேண்டும். கடிதம் எழுதிய தாயாரே, இன்று மாலை பையன் பள்ளிவிட்டு வந்ததும் ஒரு நூலை எடுத்து அவன் தலையை அளந்து பாருங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். சைக்கிள் வந்த பிறகு, அவன் ஓட்டக் கிளம்பும்போதெல்லாம் பின்னால் நின்று ஒரு முறை தள்ளிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

உங்கள் பிள்ளைகளின் தலை அளவு என்ன என்று மற்றவர்களும் எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்